டெல்லியிலிருந்து வரும் பென்ஸ்

கேள்வி: டெல்லியில் பத்து வயது டீசல் பென்ஸ் ஒன்று 8 லட்சத்துக்கு வருகிறது. வாங்கலாமா? (வாசகர், சேலம்)

பதில்: விற்பவரின் அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. தலைநகர்ப் பகுதியில் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகள் ஓடக்கூடாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொன்னது. பிறகு பிடி கொஞ்சம் தளர்ந்தாலும் பயம் தளரவில்லை. பென்ஸ்கள் தெற்கே வண்டி கட்டுகின்றன.

அந்த 8 லட்சம் வெறும் நுழைவுக் கட்டணம். தடையில்லாச் சான்று, மறுபதிவு, தமிழ்நாட்டு வரி எல்லாம் தனி.

ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டியா? ராத்திரி சமதளத்தில் நிறுத்திவிட்டுக் காலையில் பார்க்க வேண்டும். ஒரு மூலை மட்டும் தாழ்ந்து உட்கார்ந்திருந்தால் ரப்பர் பை கசிகிறது. அதை நிரப்ப ஓடி ஓடியே கம்ப்ரசரும் ஆயுளை முடித்துக்கொள்ளும். இன்சூரன்ஸ் கைகொடுக்காது; தேய்மானத்துக்குப் பைசா கிடையாது. விபத்து என்றால்கூட, சாதாரண பாலிசியில் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதிதான். 10 வயது தாண்டிவிட்டால் இரும்புக்கும் அதே கதி.

சர்வீஸ் பதிவு முழுசாக இருந்து, ஸ்கேனரோடு நல்ல மெக்கானிக் உள்ளூரில் கிடைத்து, கையில் இன்னும் மூன்று லட்சம் சும்மா கிடந்தால் வாங்கலாம். இல்லையென்றால் டெல்லிக்கு ரயில் டிக்கெட் போடவே வேண்டாம்.