வீட்டு நுண்ணோக்கியில் காற்றுக் குமிழியின் முதன்மை: ஓர் ஆய்வு

குழந்தைக்கு நுண்ணோக்கி வாங்கித் தரும் வீடுகளில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்படும் உயிரி, காற்றுக் குமிழி. கச்சிதமான வட்டம், விளிம்பில் கறுப்பு வளையல், நடுவே பளீரென்ற வெளிச்சம். "அமீபா!" என்று தந்தை அறிவிப்பார், தாய் ஒரு கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு ஆமோதிப்பார். அமீபாவுக்கு நிலையான உருவமே கிடையாது என்று பாடநூல் சொல்வது அந்த நேரத்தில் எவர் காதிலும் விழாது. விவரம் தெரிந்தவர் யாராவது வந்தால் குமிழியைத் துடைத்தெறிந்துவிட்டு வெங்காயம் உரிக்கச் சொல்வார். இரு தரப்பாரும் தவறு செய்கிறார்கள். முதற்பாடமாக வைக்கத் தக்கது குமிழியே என்பதும், வெங்காயம் தன் முறைக்குக் காத்திருக்க வேண்டும் என்பதும் இவ்வாய்வின் துணிபு.

முதலில் வரலாற்றுச் சான்று. 1665இல் வெளிவந்த 'மைக்ரோகிராஃபியா' நூலில் ராபர்ட் ஹூக் தக்கையின் மெல்லிய சீவலைப் பார்த்து எழுதியது என்ன? சிறு சிறு அறைகள், அவற்றுள் காற்று. தக்கை இலேசாக இருப்பதும் மிதப்பதும் அதனால்தான் என்பது. ஆக, செல்லின் வரலாறே சுவர் கட்டிய காற்றில்தான் தொடங்குகிறது. டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் லேவன்ஹூக், நீரில் கண்ணுக்குத் தெரியாத பிராணிகள் நீந்துவதாக 1676இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதியபோது, அங்கிருந்தோர் நம்பத் தயங்கினர். மறு ஆண்டு அப்பிராணிகளைச் சபையோர் கண்ணுக்குக் காட்டி ஐயம் தீர்த்தவர் அதே ஹூக். காற்றை ஒழுங்காகப் பார்த்தவரின் சொல்தான் உயிருக்கும் செல்லுபடியாயிற்று.

அடுத்தது பயிற்சிச் சான்று. நீரிலிருந்து காற்றுக்குள் புகும் ஒளி விளிம்பருகே வளைந்து விலகிவிடுவதால் கண்ணுக்கு வந்து சேர்வதில்லை; அந்தக் கறுப்பு வளையம் இதனால்தான். நுண்ணோக்கியின் திருகைச் சுழற்றும்போது வளையம் தடிப்பதையும் மெலிவதையும் பார்த்தே குழந்தை குவியப்படுத்தக் கற்றுக்கொள்ளும். 4 மடங்கு லென்ஸும் 10 மடங்குக் கண்ணருகு வில்லையுமாக 40 மடங்கு இதற்குப் போதும். குமிழி இடப்பக்கம் ஒதுங்கித் தெரிந்தால் ஸ்லைடையும் இடப்பக்கமே தள்ள வேண்டும். பிம்பம் தலைகீழானது என்பதை விரலுக்குப் புரியவைக்க இதைவிடச் சுருக்கமான வழி இல்லை. நீந்தி ஓடும் பரமீசியம் இந்தப் பொறுமையைக் காட்டாது. மேலே மூடியிருக்கும் கவர் ஸ்லிப்பைப் பென்சில் முனையால் மெல்லத் தொட்டால் குமிழி நசுங்கி உருமாறும், விட்டால் பழையபடி வட்டமாகும். ஐயம் வந்தால் சோதித்துப் பார் என்ற அறிவியல் முறை முழுவதும் இதில் அடக்கம்.

குமிழியில் பார்க்க ஒன்றுமில்லை, குழந்தை சலித்துவிடும் என்பர். வெங்காயத்தோலின் யோக்கியதை என்ன? உரிக்கும்போதே சுருண்டுகொள்ளும், அயோடின் சொட்டாவிட்டால் கண்ணில் சரியாகப் படாது, மடிப்புக்குள் குமிழிகளையும் ஒளித்து வைத்திருக்கும். குமிழியை அறியாத குழந்தை அதை உட்கரு என்று வரைந்து வைக்கும். மதிப்பெண்ணும் கிடைக்கலாம், அது வேறு ஆராய்ச்சி. பெட்டியில் 1200 மடங்கு என்று அச்சிட்டிருக்க 40 மடங்கில் குமிழி பார்ப்பது வீண் செலவல்லவா என்பது தந்தையர் எழுப்பும் ஆட்சேபம். சாதாரண ஒளி நுண்ணோக்கி எதுவானாலும் ஏறத்தாழ 0.2 மைக்ரானுக்கும் நெருக்கமான இரு புள்ளிகளைப் பிரித்துக் காட்டாது. பிளாஸ்டிக் லென்ஸ் அந்த எல்லையை எட்டவே எட்டாது. மடங்கை ஏற்றினால் மங்கல்தான் பெரிதாகும். மனு பிரகாஷ் குழுவினரின் காகித நுண்ணோக்கியான ஃபோல்டுஸ்கோப் 140 மடங்கை வைத்துக்கொண்டே உலகம் சுற்றுகிறது.

ஆகவே, முதல் நாள் ஒரு சொட்டு நீர் போதும். கவர் ஸ்லிப்பைச் சாய்த்து இறக்கினால் குமிழி வராது என்பதைக் குழந்தையிடம் அன்றைக்கே சொல்லிவிடாதீர்கள்; தட்டையாகப் போடட்டும். பெட்டியோடு வரும் தயார் ஸ்லைடுகளை அலமாரியில் பூட்டிவிடலாம். மலிவானவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு: அவற்றிலும் குமிழி இருக்கும்.