கழுத்துல கேமரா, கால்ல சக்கரம்

வா தம்பி, உக்காரு. பசியாறிட்டியா? இல்ல, ரொட்டி சானாய படம் புடிச்ச பொறவுதான் வாயில வைப்பியா? தே தாரிக் ஆறிப்போவுது பாரு.

கழுத்துல தொங்குறது என்னா வெல? அடேங்கப்பா! அந்தக் காசுல ஒரு மோட்டார் சைக்கிளே வாங்கிடலாமே. ஒரு நொடிக்கு இருவது படம் எடுக்குமா? எடுக்கட்டும். அந்த இருவதுல ஒன்னையாவது நீ கண்ணால பாத்தியா?

நேத்து சாயங்காலம் பினாங்கு சியூ ஜெட்டியில நின்னுக்கிட்டு, கடல்ல சூரியன் எறங்கும்னு காத்திருந்தியாமே. எப்படிடா எறங்கும்? அந்தக் கடல் கெழக்கால கெடக்கு! பட்டர்வொர்த் பக்கம் ஏறுற சூரியன், உன் முதுகுக்குப் பின்னால மலையிலதான் எறங்கும். வெடியக்காலம் போயிருந்தா நல்ல படமா கெடச்சிருக்கும். அதுக்கு எந்திரிக்கணுமே! கேட்டா, லென்சு சரியில்லங்கிற. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.

ஆர்மீனியன் ஸ்திரீட் சைக்கிள் செவுத்துக்கும் போனியாக்கும்? லித்துவேனியாக்காரர் எர்னஸ்ட் சக்கரேவிக் 2012ல வரைஞ்சது. புள்ளைங்க ரெண்டும் சித்திரம், சைக்கிள் மட்டும் நெசம். வரிசையில நின்ன, சிரிச்ச, நகர்ந்த. உனக்கு முன்னாடி நின்னவன் எடுத்ததும் அதே படம், பின்னாடி நின்னவன் எடுத்ததும் அதே படம். மூஞ்சிதான் வேற. வரிசையில நிக்கிறதுக்குப் பேரு பொறுமையாடா? வெறும் கால்கடுப்பு.

பொறுமைன்னா மா. கிருஷ்ணன். கேள்விப்பட்டிருக்கியா? நாவல் எழுதுன அ. மாதவையாவோட மகன். 1912ல பொறந்தவர். எடுத்த மிருகப் படமெல்லாம் கறுப்பு வெள்ளை. கெடைச்ச உறுப்புங்கள ஒட்டுப்போட்டுத் தனக்குன்னு ஒரு கேமராவே கட்டிக்கிட்டார். காட்டு யானைய எடுக்க வளப்பு யானை மேல ஏறிப் போனார். 1950லேருந்து 1996ல கண்ண மூடுற வரைக்கும் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில பறவை, மிருகம்னு எழுதிக்கிட்டே இருந்தார். 46 வருசம்! யானைகிட்டப் போயி 'கொஞ்சம் திரும்பு, சிரி'ன்னு சொல்ல முடியுமா? அதோட கொணத்தத்தான் மனுசன் படிக்கணும்.

நீ காட்டுக்குப் போக வேணாம். தைப்பூசத்துக்கு மொத நாளு வெடியக்காலம், பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டுலேருந்து மாடு பூட்டுன வெள்ளி ரதம் கெளம்பும். தண்ணிமலைக் கோயில் போய்ச் சேர ராத்திரி ஆயிடும். வழி நெடுக அர்ச்சனை, குவியல் குவியலா தேங்கா. நீ ரதத்துக்குப் பின்னாலயே ஓடுவ. ஓடாத. ஒரு குவியல் பக்கத்துல நில்லு. ஒருத்தன் தேங்காய ரெண்டு கையாலயும் தலைக்கு மேல தூக்குவான். ஒரு கணம் அப்படியே நிப்பான். உதடு மட்டும் அசையும். அப்புறம்தான் வீசுவான். தேங்கா செதறுறத ஊரே படம் புடிக்குது. அந்த உதட்ட எவன் புடிச்சான்?

அதுக்கு ரதம் வர முன்னாடியே நீ அங்க நிக்கணும். அந்த ஆளோட நாலு வார்த்த பேசிப் பழகியிருக்கணும். கேமராவுக்கு மாசத் தவண கட்டித் தீத்துடலாம் தம்பி. காத்திருக்கிற வேலைய எந்தக் கடையிலயும் தவணைக்குத் தரமாட்டான். அத நீதான் செய்யணும்.