ஒப்பாரி ஒத்திகை

எண்பதுகளின் தொடக்கத்தில், மேற்படிப்புக்காகப் பென்சில்வேனியாவின் ஆலன்டவுனில் நான் குடியிருந்த மாடியறைக்குக் காலையில் முதலில் ஏறிவருவது கீழ்வீட்டில் ஸ்கிராப்பிள் என்ற பன்றிக்கறிப் பலகாரம் பொரிகிற வாசனை; அதன் பின்னாலேயே, பண்ணையில் இருந்த தம்பியோடு வீட்டுக்காரப் பெரியவர் டெலிபோனில் அடிக்கும் அரட்டை. மழை, மாடு, முழங்கால்வலி என்று அது பாட்டுக்கு இழுத்துக்கொண்டே போகும். மகனோ பேரனோ உள்ளே வந்தால் போதும், சட்டென்று ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்.

அந்த அரட்டை மொழிக்குப் பெயர் பென்சில்வேனியா டச்சு. ஆனால் 18ஆம் நூற்றாண்டில் ரைன் நதிக்கரைப் பாலட்டினேட்டிலிருந்து கப்பலேறிய குடியானவர்கள் கொண்டுவந்த ஜெர்மன் அது. ஆமிஷ் பாஷை என்று இன்று ஊரே சொல்கிறது. நெடுங்காலம் அதைப் பேசியவர்களில் பெரும்பாலோர் பெரியவரைப் போன்ற லூத்தரன், ரிஃபார்ம்ட் சபையார்தான். காரைத் தவிர்த்துக் குதிரைவண்டியில் போகும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் ஓரத்தில் ஒரு சிறு கூட்டம். பள்ளிக்கூடத்தில் அந்த உச்சரிப்புக்காகக் கேலிக்கு ஆளானவர்கள், நம் பிள்ளைகளுக்காவது இந்தத் தொல்லை வேண்டாமென்று வீட்டில் அதை நிறுத்தினார்கள். நிறுத்தியபின் பாசம் பொங்கிவிட்டது. 1930களிலிருந்தே கிரவுண்ட்ஹாக் பிராணியின் பெயரில் ஊருக்கு ஊர் சங்கம் வைத்து, ஆண்டுக்கொரு விருந்து போட்டு, அங்கே ஆங்கிலத்தில் வாய்திறந்தால் அபராதம் என்று விதி செய்தார்கள். பெரியவரும் டை கட்டிக்கொண்டு போவார், வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு வருவார், வந்து பேரனிடம் ஆங்கிலத்தில் குட்நைட் சொல்வார். அதற்கு அபராதம் கிடையாது. சங்கத்தில் பெண்களுக்கு இடமில்லை என்பதையும் சொல்லவேண்டும். தாய்மொழியைக் காக்கும் காரியத்தில் தாய்மார்களுக்கு என்ன வேலை!

நான் மட்டும் சளைத்தவனா? சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் படித்த ஜெர்மன் நாக்கில் இருந்தது, தோளில் ஒரு கேசட் ரிகார்டர் தொங்கியது. சாகக்கிடக்கும் மொழியின் கடைசி மூச்சைப் பிடித்துவைக்கிறேன் என்று பெரியவரை உட்காரவைத்துப் பதிவுசெய்தேன். அந்த ஜோரிலேயே ஒரு வெள்ளிக்கிழமை எஃப்ராட்டாவின் கிரீன் டிராகன் சந்தைக்கும் போனேன். அங்கே ஓர் ஆமிஷ் அம்மாள், காய்கறி ஊறுகாயான சௌசௌ பாட்டில்களை அடுக்கியபடியே, காலடியில் பெட்டியைக் கவிழ்த்த சிறுவனை அந்த மொழியில் வைதுவிட்டு, அதே மூச்சில் என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சில்லறை கொடுத்தார். கதே பாணி ஜெர்மனில் நான் எடுத்துவிட்ட கேள்விக்கு, மிகுந்த மரியாதையோடு ஊறுகாயின் விலையைச் சொன்னார்.

ஆமிஷ்களுக்குச் சங்கமும் இல்லை, விருந்தும் இல்லை. வேதம் லூத்தரின் ஜெர்மனில், பள்ளிப்பாடமும் கடிதமும் ஆங்கிலத்தில். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொள்ள 1972இல் அமெரிக்க உச்சநீதிமன்றமே வழிவிட்டது. மிச்சமிருந்த இந்தப் பேச்சு குழந்தைக்கும் குதிரைக்கும் என்று விடப்பட்டது. குழந்தைகள்தான் வீட்டுக்கு ஆறு, ஏழு! 1900வாக்கில் ஏறத்தாழ 5,000 பேராக இருந்த ஆமிஷ்கள் இன்று 4 லட்சத்தை எட்டிவிட்டார்கள். இருபது வருஷத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறார்கள். மிகப் பெரும்பாலோர் வீட்டில் இதே பேச்சுதான். 2013இல் முழு பைபிளும் அதில் வந்துவிட்டது. நாங்கள் பாடை கட்டிவைத்திருந்தோம், அதுவோ தொட்டில் கட்டிக்கொண்டிருந்தது.

ஆலன்டவுன் பெரியவரின் தெருவில் இன்று ஸ்பானிஷ் கேட்கிறது. வாசற்படியில் பாட்டி ஸ்பானிஷில் அதட்ட, பேரன் ஆங்கிலத்தில் எதிர்ப்பேச்சுப் பேசுகிறான். பெரியவரின் பேரனோ தலை நரைத்தபின் யூடியூபில் தாத்தா மொழியைப் படித்துக்கொண்டிருக்கிறார். போன வருஷம், தாத்தாவின் குரல் இருக்கிறதாமே என்று கேட்டு எனக்கு எழுதினார். பரணிலிருந்து கேசட்டை எடுத்து, கடையில் கொடுத்து, ஊறுகாய் பாட்டில்கள் எத்தனையோ வாங்கியிருக்கக்கூடிய காசைக் கொடுத்து டிஜிட்டலாக்கி, அனுப்புமுன் கேட்டுப்பார்த்தேன். முக்கால் மணி நேரமும் ஓடுவது என் குரல்: இந்த மொழி ஏன் அழியப்போகிறது என்று அப்பழுக்கில்லாத ஜெர்மனில் விளக்குகிறேன், நடுநடுவே பெரியவர் ஆங்கிலத்தில் "அப்படியா" என்கிறார்.