இலுப்பூரில் கடல் வந்த கதை

ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்பார்கள். டியூஷன் இல்லாத வீட்டுக்கு இப்போது ஏஐதான் வாத்தியார். 2019இல் சிபிஎஸ்இ அதை ஒன்பதாம் வகுப்பில் பாடமாக்கியது. 2020இல் தமிழக அரசு ‘பாதுகாப்பான, அறம்சார்ந்த’ ஏஐக்குக் கொள்கையே வெளியிட்டது. கொள்கை கோட்டையில், போன் பையன் கையில்.

“பொறுப்பாத்தான் பயன்படுத்துறியாடா?” என்றேன் பக்கத்து வீட்டுப் பையனிடம். ‘எங்கள் ஊர்’ கட்டுரையைக் காட்டினான். இலுப்பூர்க் கடற்கரையில் வலை காய்கிறது என்று ஏஐ எழுதித் தந்திருக்கிறது. அந்த வரியை அடித்துவிட்டு விராலிமலை மயிலை விட்டிருந்தான்.

“கடலுக்கு மணமேல்குடி போகணும் மாமா. அதுக்கு எங்க தெரியுது?”

இவனை ஏஐ கருத்தரங்கில் கைதட்டத்தான் கூப்பிடுகிறார்கள்.

“முடிவுரை மட்டும் ஏஐ தந்தபடியே இருக்கே, ஏன் திருத்தலை?”

“அதை யாரு மாமா படிக்கிறா?”