மத்தி குடியிருந்த வீடு

இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில் செயின்ட் ஐவ்ஸ் என்றொரு துறைமுக ஊர். அங்கே பழைய மீனவர் வீடுகளில் விடுமுறைக்குத் தங்குவதில் காசுள்ளவர்களிடையே ஏகப் போட்டி. அந்தக் காலத்தில் கீழ்த்தளத்தில் மத்தி மீனை உப்பிட்டு அடுக்கி, அழுத்தி எண்ணெய் எடுப்பார்கள். குடும்பம் மாடியில் குடியிருக்கும். மீன் நாற்றத்தில் தேவாலயக் கடிகாரமே நின்றுவிடும் என்று அவ்வூர்ப் பாதிரியார் சொன்னதாக 1870ஆம் ஆண்டு டைரி ஒன்றில் குறிப்பு இருக்கிறது.

இப்போது அதே தளத்தில் லாவண்டர் மெழுகுவர்த்தி மணக்கிறது. சுவரில் வலை தொங்குகிறது. ஒரு செதிள்கூடப் பட்டிராத புத்தம்புது வலை. தலையில் இடிக்கும் உத்தரத்துக்குப் பெயர் ‘பாரம்பரியம்’. மண்டை வீங்கினால் அதுவும் பாரம்பரியக் கணக்கில் சேரும். மத்திக்கு ஓசியில் கிடைத்த இடம், மனிதருக்கு இராத்திரிக் கணக்கில் வாடகை!

வலை வீசியவரின் பேரன்தான் வாடகை கட்டுப்படியாகாமல் ஊரைவிட்டுப் போகிறார். பொறுத்துப் பார்த்த ஊரார் 2016இல் வாக்கெடுப்பு நடத்தினார்கள். புதிதாகக் கட்டும் வீடுகள் நிரந்தரமாகக் குடியிருப்போருக்கே என்ற திட்டத்துக்கு 80 சதவீதத்துக்கும் மேல் ஆதரவு. அந்தக் கட்டுப்பாடு புது வீடுகளுக்கு மட்டுந்தான். மத்தி குடியிருந்த வீட்டை இன்றும் யார் வேண்டுமானாலும் வாங்கலாம்.