பாட்டுக்குக் காதுவெட்டு

ஏ மருமவனே, வில்லுப்பாட்டை ரெக்கார்டு பண்ணி விக்குதியாமே. கேட்டேன். சுடலைமாடன் கதை உச்சத்துக்கு வரும்போது பாத்து, நடுவுல உம்பேரையும் போன் நம்பரையும் கத்தவிட்டிருக்கியே, நீ களவாணியைப் பிடிச்சுக் கேக்கதுக்கு முன்னால மாடன் உன்னைக் கேட்டுருவாரு.

ஆட்டுக்குக் காதுல வெட்டுப் போட்டு அடையாளம் வைப்பாவல்லா, பாட்டுக்கும் அப்படி வைக்கலாம்ல. ஆனா காதுக்குத் தெரியக்கூடாது. அமெரிக்காவுல மியூசாக் கம்பெனிக்காரரு எமில் ஹெம்புரூக், 1954லயே இதுக்குக் காப்புரிமை கேட்டு எழுதிப் போட்டிருக்காரு. பாட்டுல 1,000 ஹெர்ட்ஸ் பக்கத்துல பொடி இடத்தை மட்டும் அப்பப்போ அமுக்கணும். அமுங்குத நேரம் நெட்டையும் குட்டையுமா மோர்ஸ் தந்தி அடிக்கும். கேக்குதவனுக்கு ஒண்ணும் தெரியாது.

நீ கெட்டிக்காரன். நொடிக்கு 44,100 மாதிரி, ஒவ்வொண்ணும் 16 பிட்டு, அதுல கடைசிப் பிட்டுல பேரை ஒளிக்கேன்னு கிளம்புவ. ஒளி. எவனாவது எம்.பி.3 ஆக்கட்டும், உம்பேரு போயே போச்சு. காதுக்கு எட்டாததைக் கழிச்சுக் கட்டுததுதானல அதுக்குத் தொழிலே! சாட்சி சொன்னதைப் பதிஞ்சு வச்சா அந்த நோஞ்சான் குறிதான் தோது. எவன் வெட்டி ஒட்டினாலும் குறி கெட்டுக் காட்டிக் குடுத்துரும். உன் பாட்டு மாதிரி சொத்துக்கு வேற குறி வேணும். மில்லிசெகண்டு கணக்குல மெல்லிசா எதிரொலி சேப்பாவ, இல்லன்னா குறியைப் பாட்டு முழுக்கத் தூவி விடுவாவ.

வச்சதும் சவடால் விடாத. 2000 செப்டம்பர்ல பெரிய இசைக் கம்பெனிகள்லாம் கூடுன எஸ்.டி.எம்.ஐ. அப்படித்தான், "எங்க குறியை அழிச்சுப் பாருங்க, 10,000 டாலர் வரைக்கும் பரிசு"ன்னு தண்டோரா போட்டுது. பிரின்ஸ்டன் வாத்தியாரு எட்வர்ட் ஃபெல்டன் கூட்டம் மூணே வாரத்துல நாலு குறியையும் அழிச்சிட்டோம்னுட்டாவ. வாயைப் பொத்திக்கிட்டாத்தான் துட்டுன்னதும், துட்டே வேண்டாம்னுட்டாவ. மறுவருசம் அதைக் கட்டுரையா வாசிக்கப் போனா, கேஸு வரும்னு மிரட்டிக் கடுதாசி! பந்தயம் கட்டுனவன் தோத்துட்டு ஜெயிச்சவனை மிரட்டுதான். நம்மூருப் பஞ்சாயத்து தேவல போலுக்கு. ஆகஸ்டுல எப்படியோ வாசிச்சுட்டாவ.

வாங்குதவனுக்கு ஆளுக்கொரு தனிக்குறி வச்சுக் குடுத்தேன்னா, யாரு கையிலேருந்து வெளிய போச்சுன்னும் தெரிஞ்சிரும். ஆனா உங்க அத்தைக்குக் குடுக்குத காப்பியில மட்டும் வச்சிராத, கேட்டியா. கையில கிடைச்ச நிமிசமே தாய்வீட்டு குரூப்புக்கெல்லாம் அனுப்பிருவா. நீ ஆதாரத்தோட வந்து நின்னா எனக்குல்லா ராத்திரிச் சோறு கிடைக்காது.