வாலில் இருக்கிறது விஷயம்

கே: பழைய மெஷின். மேனுவல் தொலைந்துவிட்டது, தயாரித்த கம்பெனியும் இல்லை. சீரியல் போர்ட்டில் வரும் ஒவ்வொரு செய்தியின் கடைசி இரண்டு பைட்டுக்கும் அர்த்தம் தெரியவில்லை. விட்டுவிடலாமா?

ப: படிப்பதற்கு மட்டும் என்றால் விட்டுவிடலாம். நீங்கள் கட்டளை அனுப்ப வேண்டுமென்றால் முடியாது. அது பெரும்பாலும் செக்சம், அதாவது மற்ற பைட்டுகளிலிருந்து கணக்கிட்டு ஒட்டும் சரிபார்ப்பு எண். ஒயரில் ஏறும் இரைச்சல் ஒரு பிட்டைப் புரட்டினாலும் பெறும் முனைக்குத் தெரிந்துவிடும். கணக்கு ஒத்துவராத செய்தியை மெஷின் மதிக்காது, பல சமயம் பதிலும் சொல்லாது.

கே: செக்சம்தான் என்று எப்படி நம்புவது?

ப: செய்தி அப்படியே திரும்ப வந்தால் வாலும், அதாவது அந்தக் கடைசி பைட்டுகளும், அப்படியே திரும்ப வர வேண்டும். செய்தி மாறாமல் வால் மட்டும் ஒவ்வொன்றாக ஏறினால் அது வெறும் வரிசை எண்.

கே: எங்கே தொடங்குவது?

ப: எளியதில். எல்லா பைட்டையும் கூட்டுங்கள், பிறகு எக்ஸ்-ஆர் செய்யுங்கள். கப்பல் கருவிகளும் ஜிபிஎஸ்ஸும் பேசும் என்எம்இஏ 0183-இல் வெறும் எக்ஸ்-ஆர்தான். தொழிற்சாலைக் கருவிகள் பேசும் மோட்பஸின் ஆஸ்கி வடிவில் கூட்டி, 256-இலிருந்து கழிப்பார்கள்: 1, 3, 0, 0, 0, 10 என்றால் கூட்டல் 14, வால் 242. இரண்டு பைட்டுகள் இடம் மாறியும் வால் மாறவில்லையா? இந்த வகைதான்.

கே: இரண்டும் பொருந்தவில்லை. ஒரே ஒரு பிட் மாறினாலும் வால் முழுக்கக் கலைகிறது.

ப: நல்ல அறிகுறி! அது பெரும்பாலும் சிஆர்சி, 1961-இல் வெஸ்லி பீட்டர்சன் வெளியிட்ட முறை. செய்தியை ஒரு பல்லுறுப்புக்கோவையால் வகுத்து, மீதியை வாலாக ஒட்டுவது. எந்தக் கோவை, எந்தத் தொடக்க மதிப்பு, பிட் எந்தப் பக்கமிருந்து, கடைசியில் எதனோடு எக்ஸ்-ஆர் என்று தெரியாதவை நிறைய. ஒரே செய்தியை எவ்வளவு நேரம் முறைத்தாலும் பிடி கிடைக்காது. ஒரே நீளமுள்ள இரண்டு செய்திகளை எக்ஸ்-ஆர் செய்யுங்கள்; தொடக்க மதிப்பும் கடைசி எக்ஸ்-ஆரும் தாமாக அடிபட்டுப் போகும்.

மோட்பஸின் இன்னொரு வடிவமான ஆர்டியு-விலேயே பார்ப்போம். 1, 3, 0, 0, 0, 10 என்ற செய்திக்கு வால் 197, 205. கடைசி பைட்டை 1 ஆக்கினால் வால் 132, 10. செய்திகளை எக்ஸ்-ஆர் செய்தால் 11 மட்டும் மிஞ்சும். வால்களைச் செய்தால் 65, 199. இனி ஒரே கேள்விதான்: 11-ஐ எந்தக் கோவையால் வகுத்தால் இந்த மீதி வரும்? 16, 15, 2, 0 அடுக்குகள் கொண்ட கோவை, தாழ்ந்த பிட் முதலில், தாழ்ந்த பைட் முதலில் என்று வைத்தால் வருகிறது. இத்தனை தெரியாதவற்றை ஒரே எக்ஸ்-ஆரில் துடைத்துவிடும் இந்த அழகுக்காகவே சிஆர்சியை எனக்குப் பிடிக்கும்.

கே: தொடக்க மதிப்பை எப்படி மீட்பது?

ப: வெவ்வேறு நீளமுள்ள செய்திகள் வேண்டும். எல்லாம் ஒரே நீளமென்றால் தொடக்க மதிப்பையும் கடைசி எக்ஸ்-ஆரையும் பிரித்தறிய வழியில்லை. பிரிக்கத் தேவையும் இல்லை. மோட்பஸ் ஆர்டியு-வில் தொடக்கம் 65,535.

கே: கையால் செய்யப் பொறுமை இல்லை.

ப: கிரெக் குக் எழுதிய ‘சிஆர்சி ரெவெங்’ நிரலிடம் சில மாதிரிகளைக் கொடுங்கள், அது தேடும். ஏன் கிடைத்தது என்று புரிய, ராஸ் வில்லியம்ஸ் 1993-இல் எழுதிய சிஆர்சி கையேட்டைப் படியுங்கள்.

கே: ஒரு செய்திக்குச் சூத்திரம் பொருந்திவிட்டது. கொண்டாடலாமா?

ப: பொறுங்கள். ஒரு பைட் செக்சம் 256-இல் ஒரு முறை தற்செயலாகவே பொருந்தும். நூற்றுக்கணக்கான சூத்திரங்களை முயன்றால் ஏதாவது ஒன்று பொருந்திவிட வாய்ப்பு அதிகம். தேடலில் சேர்க்காத சில செய்திகளை ஒதுக்கி வைத்து, அவற்றில் சரிபாருங்கள்.

கே: எதுவுமே பொருந்தாவிட்டால்?

ப: எல்லையைச் சந்தேகியுங்கள். என்எம்இஏ-வில் தொடக்க டாலர் குறி கணக்கில் சேராது. மோட்பஸ் ஆஸ்கியில் முக்காற்புள்ளி சேராது. கணக்கும் ஒயரில் போகும் எழுத்துகளுக்கல்ல, அவை குறிக்கும் பைட்டுகளுக்கு. பலர் சரியான சூத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டே இங்கேதான் மாட்டுகிறார்கள்.

கே: இது திருட்டு ஆகாதா?

ப: முறையாக வைத்திருக்கும் நிரலோடு நீங்களே எழுதிய நிரலை இணைக்கத் தேவையான தகவலை, அது வேறு வழியில் எளிதில் கிடைக்காதபோது, தேடிப் பெறுவதை இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு அனுமதிக்கிறது. ஒப்பந்தம் ஏதும் கையெழுத்திட்டிருந்தால் அதையும் படியுங்கள்.

கே: கண்டுபிடித்தாகிவிட்டது. அடுத்து?

ப: தெரியாத கட்டளைகளை ஓடும் மெஷினுக்கு அனுப்பாதீர்கள், செக்சம் சரியாக இருந்தால் அது கீழ்ப்படிந்துவிடும். பிறகு கோவை, தொடக்க மதிப்பு, பிட் வரிசை, கடைசி எக்ஸ்-ஆர், எந்த பைட்டிலிருந்து எந்த பைட் வரை என எல்லாவற்றையும் எழுதுங்கள். 123456789 என்ற ஒன்பது எழுத்துகளுக்கு வரும் விடையையும் சேர்த்துவிடுங்கள்; மோட்பஸ் ஆர்டியு-வுக்கு அது 19,255. அச்சடித்து பேனல் கதவின் உள்பக்கம் இன்றைக்கே ஒட்டுங்கள். உங்களுக்குப் பின் வருபவர் இதே வேலையை முதலிலிருந்து செய்யக் கூடாது.